கண்ணுக்குள்ளேயே ஊசியா? கண் டாக்டர் பதில்கள்

கண்புரை ஆபரேஷன் பற்றிப் போன இதழில் எழுதியதும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடிப்பது. அபூர்வமாக வருவதுதான். ஆனால் வந்த வீட்டுக்காரர்கள்தானே கடிதம் எழுதுவார்கள். எனவே இந்த முறை முழுக்க அதற்கே. இதன் பெயர் எண்டாஃப்தல்மைட்டிஸ். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடிப் பயந்துபோனவர்கள் நிதானமாகப் படிக்கவும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. கண்புரை ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் நன்றாகவே இருந்தார். ஐந்தாம் நாள் காலையில் "பனி மூடின மாதிரி தெரியுது" என்றார். கண்ணும் சிவந்திருந்தது. உடனே அழைத்துப் போனோம். அன்றைக்கே கண்ணுக்குள் இரண்டு ஊசி, இரண்டு நாள் கழித்து மறுபடியும். டிரிப்ஸ்கூட ஏற்றவில்லை. கண்ணுக்குள் போய் யாராவது குத்துவார்களா? மாத்திரையோ சொட்டு மருந்தோ போதாதா? அம்மா அந்த ஊசியை நினைத்து இன்னும் அழுகிறார்.
— வாசகர், தென்காசி

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், ஐந்தாம் நாள் காலையில் அவர் வாய் திறந்து சொன்னதும் நீங்கள் உடனே கிளம்பியதும்தான் இதில் பெரிய வைத்தியம். டாக்டர் செய்ததும் சரி.

கண்ணின் உட்பகுதியில், லென்ஸுக்குப் பின்னால், முட்டையின் வெள்ளைக்கரு பதத்தில் ஒரு ஜெல் நிறைந்திருக்கிறது. விட்ரியஸ் என்பார்கள். மொத்தமே 4 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அதில் ரத்தக்குழாய் கிடையாது. ரத்தம் வராத இடத்துக்கு நம் உடம்பின் காவல்காரர்களான வெள்ளணுக்கள் தாமதமாகத்தான் வந்து சேரும். கிருமிக்கோ இதமான சூடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, கேட்க ஆளில்லை. ஒரு ராத்திரியில் பெருகிவிடும்.

சரி, மாத்திரை ஏன் போதாது? மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு வடிகட்டி இருப்பதைப்போல விழித்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் போகிற கண்ட பொருளும் கண்ணுக்குள் நுழையாமல் அது பார்த்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நாம் கொடுக்கும் மருந்தையும் சேர்த்தே அது தடுக்கிறது. சொட்டு மருந்தை எவ்வளவு விட்டாலும் கண்ணின் முன்பக்கத்தோடு நின்றுவிடும், ஜெல் வரை போதுமான அளவு போய்ச் சேராது. அதனால்தான் மருந்தை நேராக உள்ளேயே கொண்டுபோய் வைக்கிறோம். 1970களில் கோலாம் பேமன் என்ற டாக்டர், ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர், எந்த மருந்தை எவ்வளவு வைத்தால் கிருமி சாகும், விழித்திரை சாகாது என்று மிருகங்களின் கண்ணில் ஒவ்வொன்றாகச் சோதித்து அளவு கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் இந்தச் சீழ் வந்தால் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

அளவு என்றேன் அல்லவா, அது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். வான்கோமைசின் என்ற மருந்தைப் பெரியவர்களுக்கு நரம்பில் ஏற்றும்போது ஒரு வேளைக்கு ஒரு கிராம் அளவில் கொடுப்பார்கள். கண்ணுக்குள் வைப்பது ஒரு மில்லிகிராம், ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு திரவத்துக்குள் இருக்கும். கூடவே இன்னொரு வகைக் கிருமிக்காக 2.25 மில்லிகிராம் செஃப்டாசிடைம். இந்த இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும், அதனால் தனித்தனியாகத்தான் போட வேண்டும். அம்மாவுக்கு இரண்டு தடவை குத்தியதாகத் தோன்றியது இதனால்தான். உண்மையில் மூன்றாகவும் இருந்திருக்கலாம். மருந்து வைப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து கொஞ்சம் திரவம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். எந்தக் கிருமி என்று பார்க்கவும் அது தேவை, மருந்துக்கு இடம் கிடைக்கவும் தேவை. அடைத்த பையில் மேலும் மேலும் ஊற்ற முடியாதே.

ஊசி இறங்குவது கருவிழியில் இல்லை. கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில். அங்கே விழித்திரையும் கிடையாது, லென்ஸும் கிடையாது, உள்ளே போக அதுதான் ஆபத்தில்லாத வாசல். மரத்துப்போகச் செய்துதான் போடுவோம். ஆனால் சிவந்து வீங்கிய கண் முழுசாக மரத்துப்போகாது, வலித்திருக்கும். அம்மா அழுவதில் தப்பில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஏன் என்றால், வைத்த மருந்து சுமார் 48 மணி நேரம் வேலை செய்யும், அதற்குள் கண் தெளிந்து வருகிறதா என்று பார்ப்போம். முதல் நாளைவிட மறுநாள் கண் மோசமாகத் தெரிவதும் உண்டு. கிருமி செத்தாலும் அது கிளப்பிய அழற்சி அடங்க நேரம் ஆகும். இரண்டாவது ஊசி போட்டதால் முதல் ஊசி வீண் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: மாமியாருக்கு ஆபரேஷன் நடந்து மூன்றாம் நாள் நான் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டேன். அடுத்த நாள் கண்ணில் சீழ். ஊரே என்னைத்தான் சொல்கிறது. நான்தான் காரணமா?
— பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

பதில்: இல்லை அம்மா. கருவாட்டுக்கும் கண்ணுக்குள் சீழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கத்தரிக்காய்க்கும் இல்லை, மாங்காய்க்கும் இல்லை. நான்காம் நாள் சீழ் தெரிந்தது என்றால் கிருமி பெரும்பாலும் ஆபரேஷன் சமயத்திலேயே உள்ளே போயிருக்கும், நீங்கள் குழம்பு வைப்பதற்கு முன்பே. இந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு கண் கொஞ்சம் உறுத்தும், சிவக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு சீழ் பிடித்தால் "ஏன் முன்னாடியே வரவில்லை" என்று திட்டுகிறார்கள். சாதாரண மனுஷன் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நாங்கள் சீட்டில் அச்சடித்துக் கொடுக்கும் "சிவப்பு, வலி, நீர் வடிதல் இருந்தால் அணுகவும்" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை, ஏனென்றால் அந்த மூன்றும் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். நான் என் நோயாளிகளிடம் ஒன்றைத்தான் சொல்வேன்: நேற்றையும் இன்றையும் ஒப்பிடுங்கள். ஆபரேஷன் செய்த கண் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டேதான் போக வேண்டும். நேற்று காலண்டர் தேதி தெரிந்தது, இன்று தெரியவில்லை என்றால் அது போதும், கிளம்புங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் சொட்டு மருந்து விடுவதற்கு முன், நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அதே காலண்டரை அதே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் ஏமாற்றிவிடும்.

வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பின் சீழ் பிடித்த 420 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 1995இல் வெளியானது. அவர்களில் 94 சதவீதம் பேருக்குப் பார்வை மங்கியிருந்தது, ஆனால் வலி இருந்தது 74 சதவீதம் பேருக்குத்தான். அதாவது நான்கில் ஒருவர் வலியே இல்லாமல் வந்திருக்கிறார். இன்னொரு அடையாளம் வீட்டிலேயே தெரியும்: டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால், அடிப்பக்கம், பிறை மாதிரி வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். அது சீழ். அந்த ஆய்வில் 86 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அதைப் பார்த்த பிறகு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே கூடாது.

பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் வரும். அப்புறமும் வரலாம். கியூட்டிபாக்டீரியம் என்று ஒரு சோம்பேறிக் கிருமி இருக்கிறது, அது லென்ஸ் வைத்த பைக்குள் பதுங்கிக்கொண்டு பல மாதம் கழித்து, விட்டுவிட்டு மங்கல் கொடுக்கும். சொட்டு மருந்து விட்டால் அடங்கும், நிறுத்தினால் வரும். ஆறு மாதமாக இப்படி இழுக்கிறது என்றால் ரெட்டினா (விழித்திரை) டாக்டரிடம் காட்டுங்கள்.

போன் செய்யும்போது "கண் சரியில்லை" என்று சொல்லாதீர்கள், "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். "ஆபரேஷன் ஆகி ஆறு நாள், நேற்றைவிடப் பார்வை குறைந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்கு ஞாயிற்றுக்கிழமையானாலும் டாக்டர் வருவார். எனக்கு ஒரு தாத்தா நினைவுக்கு வருகிறார். வியாழக்கிழமை மங்கியிருக்கிறது, சென்னையிலிருந்து மகன் சனிக்கிழமை வருவான் என்று காத்திருந்து, ஞாயிறு காலை கூட்டி வந்தார்கள். வரும்போது டார்ச் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. மகனுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று நினைத்திருக்கிறார், பாவம்.

கேள்வி: அப்பாவுக்கு இதே பிரச்சினை. ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். இன்னொன்றில் உடனே பெரிய ஆபரேஷன் செய்து ஜெல்லையே எடுக்க வேண்டும் என்கிறார்கள், செலவும் அதிகம். யாரை நம்புவது?
— வாசகி, கடலூர்

பதில்: இரண்டு பேருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். அப்பாவுக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்தது இது.

ஜெல்லை எடுக்கும் ஆபரேஷனுக்கு விட்ரெக்டமி என்று பெயர். சீழ்க் கட்டியைக் கீறிவிடுவது போலத்தான், சீழையும் கிருமியையும் மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு மருந்து வைப்பது. கேட்பதற்கு இதுதான் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றும், டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மேலே சொன்ன 420 பேர் ஆய்வு நடந்ததே இதைத் தீர்க்கத்தான். முடிவு என்ன? முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் தெரிகிற அளவுக்காவது பார்வை இருந்தவர்களுக்கு, ஊசி மட்டும் போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் பலன் ஒன்றுதான். கை ஆட்டுவதுகூடத் தெரியாமல், வெளிச்சம் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கதை வேறு. அவர்களில் உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை திரும்பியது, ஊசி மட்டும் போட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான். மூன்று மடங்கு. அதே ஆய்வுதான் டிரிப்ஸில் ஆன்டிபயாட்டிக் ஏற்றியதால் கூடுதல் பலன் இல்லை என்றும் காட்டியது, தென்காசி அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏற்றாததன் காரணம் அதுதான். சில டாக்டர்கள் கூடவே மாத்திரையும் கொடுப்பார்கள், அது தவறில்லை.

ஆகவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "அப்பாவுக்குக் கை அசைவது தெரிகிறதா, வெளிச்சம் மட்டும்தானா?" வெளிச்சம் மட்டும்தான் என்றால் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். கை தெரிகிறது என்றால் ஊசியில் ஆரம்பித்து 48 மணி நேரம் பார்க்கலாம், தேறவில்லை என்றால் ஆபரேஷன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு பழையது. அன்றைக்கு இருந்ததைவிட இன்றைய கருவிகள் மெல்லியவை, பாதுகாப்பானவை, அதனால் கை தெரிகிற நிலையிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிற டாக்டர்களும் நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் நாள் முழுக்க மோசமாகிக்கொண்டே போகிற கண்ணைப் பார்த்தால் 48 மணி நேரம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் வந்த சீழுக்கு மட்டும். அடிபட்டு வந்தது, ரத்தம் வழியாக வந்தது இதற்கெல்லாம் பொருந்தாது.

எந்த ஆஸ்பத்திரி என்று அலைந்து ஒரு நாளைத் தொலைக்காதீர்கள். இரண்டாவது கருத்து கேட்கத்தான் வேண்டும் என்றால், முதல் ஆஸ்பத்திரியில் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு போய்க் கேளுங்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை. சுத்தியலால் உளியை அடிக்கும்போது ஏதோ தெறித்துக் கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் சுருக்கென்றது, அப்புறம் வலி இல்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மேஸ்திரி விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். டாக்டரிடம் போக வேண்டுமா?
— வாசகர், கோவை

பதில்: தம்பி, கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற நேரமா இது? இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், கடிதத்தைப் பார்த்ததுமே அலுவலகத்தில் சொல்லிப் போன் செய்ய வைத்தேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

உலோகத்தை உலோகத்தால் அடிக்கும்போது தெறிக்கிற துணுக்கு அரிசி நொய்யைவிடச் சின்னது, ஆனால் போகிற வேகத்தில் கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். துளை அவ்வளவு சிறியதென்பதால் வலியும் இருக்காது, ரத்தமும் வராது. துணுக்கோடு மண்ணில் வாழும் கிருமியும் போகும். பேசிலஸ் என்று ஒன்று, அது உள்ளே போனால் ஒரே நாளில் விழித்திரையைக் கரைத்துவிடும். நான் பார்த்ததிலேயே அவ்வளவு வேகமாகக் கண்ணைத் தின்கிற கிருமி வேறு இல்லை.

போகும்போது சில விஷயம். கண்ணைக் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், எண்ணெயோ களிம்போ வேண்டாம். டீக்கடைப் பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாமல் நெற்றியிலும் கன்னத்திலும் அணைகிற மாதிரி கவிழ்த்து, பிளாஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். எதுவும் சாப்பிட வேண்டாம், மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் இரும்பு என்பதை மறக்காமல் சொல்லுங்கள்: சி.டி. ஸ்கேன் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, அந்தக் காந்தத்தில் இரும்பு கண்ணுக்குள்ளேயே நகரும்.

பட்டறைக்காரர்களுக்குச் சொன்னது பிள்ளைகளுக்கும்தான். விடுமுறை வந்தால் ஈர்க்குச்சியில் வில் அம்பு செய்து விளையாடி கண்ணைக் குத்திக்கொண்டு வருகிற குழந்தைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் சொல்லாமல் இருப்பார்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை 15 வருஷமாக. காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்கில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து ஒரு கண் மங்கலாகி, சிவந்துவிட்டது. எனக்குக் கண்ணில் ஆபரேஷனும் இல்லை, அடியும் இல்லை. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து தந்தார்கள். குறையவில்லை.
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மெட்ராஸ் ஐ வந்தால் பீளை தள்ளும், கண் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பீளையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பார்வை தெளிவாகவே இருக்கும். உங்களுக்குப் பார்வையே மங்கியிருக்கிறது. உடனே ரெட்டினா டாக்டரிடம் போங்கள், போகும்போது குளுக்கோஸ் ஏற்றிய கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

உடம்பில் வேறெங்கோ இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறி, கண்ணில் வந்து இறங்குவதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு, ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் கிடந்தவர்களுக்கு, ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு வரும். கல்லீரலில் சீழ்க்கட்டி இருந்து அங்கிருந்து க்ளெப்சியெல்லா என்ற கிருமி கண்ணுக்குப் போவதை சிங்கப்பூர், தைவான் பக்கம் நிறையப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. சுத்தமில்லாத குளுக்கோஸ் பாட்டில், டியூப் வழியாகப் பூஞ்சை ரத்தத்தில் ஏறி, நல்லபடி நடமாடிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் போய் முளைத்ததை இந்திய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்கிறோமே, அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாயால் குடிக்க முடிகிற ஆளுக்கு அது தேவையும் இல்லை.

இந்த வகைக்குக் கண்ணுக்குள் ஊசி மட்டும் போதாது. கண்ணில் தெரிவது வால்தான், தலை வேறெங்கோ இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் இதய எக்கோ எல்லாம் பார்ப்பார்கள். பூஞ்சை என்றால் கண்ணுக்குள் ஆம்போடெரிசினோ வொரிகொனசோலோ வைப்பார்கள், மாத்திரையும் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தந்திருந்தார்கள் என்றால் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டுங்கள், பூஞ்சைக்கு அது உரம் போட்ட மாதிரி.

கேள்வி: நெல் அறுக்கும்போது தோகை கண்ணில் பட்டுப் புண்ணாகிவிட்டது. தாய்ப்பால் விட்டோம், மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கினோம். இப்போது புண் உள்ளே போய்விட்டது என்கிறார்கள். தாய்ப்பால் நல்லதுதானே?
— வாசகி, திருவாரூர்

பதில்: குழந்தைக்கு நல்லது. கண்ணுக்கு வேண்டாம். அதைவிடக் கெடுதல் செய்தது மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தாக இருக்கும், அதில் பல பாட்டில்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்து நன்றாக இருப்பதுபோல் காட்டும், அடியில் புண் ஆழமாகிக்கொண்டே போகும். நெல் தோகை, கரும்புச் சோகை, மாட்டு வால் பட்டு வருகிற புண் பெரும்பாலும் பூஞ்சைப் புண். அதற்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்துதான் முதல் மருந்து. புதிதாக வந்த, விலை அதிகமான வொரிகொனசோலோடு மதுரை உள்ளிட்ட இடங்களில் நம்மூர் நோயாளிகளிடமே ஒப்பிட்டுப் பார்த்து, பழையதுதான் மேல் என்று 2013இல் நிரூபித்தார்கள். உங்களுக்கு இப்போது புண் கண்ணுக்குள்ளும் போய்விட்டதால் ஊசியும், ஒருவேளை கருவிழி மாற்று ஆபரேஷனும் தேவைப்படும். கருவிழி தானம் கிடைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: சீழ் பிடித்து என் கணவருக்கு வலது கண் பார்வை முழுதும் போய்விட்டது. வலி தாங்கவில்லை. கண்ணையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். இடது கண்ணிலும் புரை இருக்கிறது. அதில் ஆபரேஷன் செய்ய எனக்குத் துணிவு இல்லை. செய்யாமலே விட்டுவிடலாமா?
— வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: கண்ணை எடுப்பது என்றால் முழுக் கண்ணையும் எடுத்துக் குழியாக விட்டுவிடுவது என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலும் வெள்ளை விழி என்ற வெளி ஓட்டை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற சீழையும் அழுகியதையும் மட்டும் சுத்தமாக எடுப்பார்கள். ஓடு இருப்பதால் தசைகளும் ஒட்டியே இருக்கும். ஆறு வாரம் போல ஆறவிட்டு அதன்மேல் செயற்கைக் கண் பொருத்துவார்கள். நன்றாகச் செய்தது கொஞ்சம் அசையவும் செய்யும். வலி போய்விடும், முக்கியமாக அவர் தூங்குவார். பார்வை திரும்பவே திரும்பாது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்றால் தயங்காதீர்கள்.

இடது கண்ணுக்கு வருகிறேன். ஒரு கண்ணில் இது வந்ததால் மற்றதிலும் வரும் என்று சட்டமில்லை. புரையை முற்ற விட்டால் பிறகு ஆபரேஷன் கடினமாகும், கடினமான ஆபரேஷனில்தான் தொற்றுக்கு வாய்ப்பும் கூடும். செய்யலாம், ஆனால் வலது கண் முழுசாக ஆறிய பிறகு. இந்த முறை சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். கண்ணீர்ப்பையில் அடைப்போ சீழோ இருக்கிறதா என்று நீர் விட்டுப் பார்ப்பார்கள், அந்த நீர் தொண்டைக்கு வந்து உப்புக் கரிக்க வேண்டும். கரிக்கவில்லை என்றால் அவராகவே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இமை ஓரத்தில் பொடுகு மாதிரிச் செதில் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். நம் இமையிலும் தோலிலும் குடியிருக்கிற கிருமிதான் பல சமயம் உள்ளே போகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வருவது எப்போதாவது. ஆபரேஷனுக்கு முன் கண்ணில் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி விடுவார்கள், எரியும், விடட்டும், கண்ணை மூடி அழுத்திக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வைப்பார்களா என்று டாக்டரிடமே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆறு லட்சம் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டார்கள்: மருந்து வைக்காதபோது பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்த சீழ், வைத்த பிறகு இரண்டு பேராகக் குறைந்தது. உங்களுக்கு மிக அருகில் நடந்த கணக்கு இது.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய சொட்டு மருந்து பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வலது கண்ணுக்கு வாங்கியது இடது கண்ணுக்கு ஆகாது. பாட்டிலே கெட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023இல் அமெரிக்காவில் நடந்ததே போதும். சென்னைக்குப் பக்கத்தில் தயாரான, கண் உலராமல் இருக்க விடுகிற சாதாரண சொட்டு மருந்தில் சூடோமோனாஸ் கிருமி கலந்துவிட்டது. பெரும்பாலான மருந்துகளுக்கு அசையாத ரகம். 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, நான்கு பேருக்குக் கண்ணையே எடுத்தார்கள், நான்கு பேர் இறந்தே போனார்கள். பாட்டிலின் முனை இமையில் படாமல் விடுங்கள், திறந்து ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போடுங்கள். அவருக்குக் கை நடுங்கும் என்றால் நீங்கள் விடுங்கள், சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு.

ஆபரேஷன் நாள் குறித்ததும் எந்த வாரம் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். காலண்டரைக் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிடுங்கள்.